வார்த்தையின் திணை: கிறித்தவ இறையியற் சொற்கள் சிலவற்றைப் பற்றிய இலக்கண ஆராய்ச்சி

தமிழிலுள்ள கிறித்தவ இலக்கியத்தை ஆராய்வார் பெரும்பாலும் இரண்டு வழிகளையே மேற்கொள்கின்றனர். காப்பியமும் சிற்றிலக்கியமும் இயற்றிய புலவர்தம் கவிநலத்தை எடுத்துரைப்பது ஒன்று. அச்சும் அகராதியும் உரைநடையும் தமிழில் வளர்ந்த வரலாற்றைத் தொகுத்துரைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் பயனுடையனவே. ஆயினும், கடவுள் தம்மை எங்ஙனம் வெளிப்படுத்தினார், மறைநூல் யாருடைய நூல், கடவுளின் இயல்பு யாது என்னும் இறையியல் வினாக்கள் குருமடங்களுக்கு உரியன எனத் தமிழ்த்துறையினர் ஒதுங்கி நிற்பதே வழக்கம். அவ்வினாக்களுக்குரிய விடைகளும் தமிழ்ச் சொற்றொடர்களாகவே நம்மிடம் வந்திருக்கின்றன; எழுவாயும் பயனிலையும், திணையும் பாலும், காலமும் வேற்றுமையும் பெற்றே வந்திருக்கின்றன. அவற்றை ஆராயும் கடமை நமக்கும் உண்டு.

விவிலிய மொழிபெயர்ப்புக்களைத் தமிழறிஞர் நோக்கும்போது, வடசொல் எத்துணை, தமிழ்ச்சொல் எத்துணை என்று எண்ணுவதோடு பெரிதும் அமைந்துவிடுகின்றனர். அது வேண்டத்தக்க ஆராய்ச்சியே, ஆனால் போதியதன்று. ஒரு சொல் எம்மொழியினின்று வந்தது என்பதைக் காட்டிலும், அது தொடரில் எவ்வாறு நிற்கிறது என்பதிலேயே கொள்கை மிகுதியும் தங்கியிருக்கிறது என்பது நம் துணிபு. இதனை நிறுவுதற்கு 1871இல் என்றி பவர் தலைமையில் நிறைவுற்ற திருப்புதலையும், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உழைத்து 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்னும் மொழிபெயர்ப்பையும் சிறப்பாக எடுத்துக்கொள்கிறோம். முன்னதைப் பவர் திருப்புதல் என்றும், பின்னதைத் திருவிவிலியம் என்றும் குறிப்போம்.

1. வெளிப்படுதலும் வெளிப்படுத்தலும்

மனிதன் கடவுளை எவ்வாறு அறிகிறான் என்பதே கிறித்தவ இறையியலின் வாயிற்படியில் நிற்கும் வினா. படைப்பைக் கண்டு படைத்தவனை உய்த்துணர்தல் ஒரு வழி; இதனைப் பொது வெளிப்பாடு என்பர். இசுரவேலரின் வரலாற்றிலும், முடிவாக இயேசுவிடத்திலும் கடவுள் தம்மைக் காட்டியதை ஏற்றல் மற்றொரு வழி. இதனைச் சிறப்பு வெளிப்பாடு என்பர். முன்னதன் எல்லை எதுவரை என்பதில் இறையியலார் ஒருமித்த கருத்துடையரல்லர். தாமசு அக்குவினாசு (1225-1274) பகுத்தறிவாலும் கடவுள் உண்டு என்பது பெறப்படும் என்றார். காரல் பார்த் (1886-1968) அவ்வழியை மறுத்தார்; 1934இல் எமில் புருன்னருக்கு அவர் எழுதிய மறுப்புரைக்கு 'இல்லை' என்பதே தலைப்பு. பின்னதே முதன்மையானது என்பதில் இருவரும் வேறுபட்டிலர்.

அச்சிறப்பு வெளிப்பாட்டினைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லை நோக்குவோம். விவிலியத்தின் இறுதி நூலுக்குக் கிரேக்கத்தில் 'அப்போகாலிப்சிசு' என்று பெயர். மூடியிருந்ததைத் திறத்தல் என்பது அதன் பொருள். பவர் திருப்புதல் அந்நூலை 'வெளிப்படுத்தின விசேஷம்' என்று வழங்குகிறது. திருவிவிலியம் 'திருவெளிப்பாடு' என்று வழங்குகிறது. விசேடம் நீங்கித் திரு வந்தது என்று கூறி நாம் அமைந்துவிடலாகாது. 'வெளிப்படுத்தின' என்பது பிறவினையடியாக வந்த பெயரெச்சம். 'வெளிப்பாடு' என்பது 'வெளிப்படு' என்னும் தன்வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். பிறவினை கேட்போரை 'எதனை?' என்று வினவச் செய்யும். கடவுள் ஏதோ ஒரு செய்தியை வெளிப்படுத்தினார் என்னும் பொருளுக்கு அது இடந்தரும். தன்வினையோ 'யார்?' என்று வினவச் செய்யும். கடவுளே வெளிப்பட்டார் என்னும் பொருளுக்கு அது இடந்தரும்.

இறையியல் வரலாற்றிலும் இவ்வேறுபாடு ஒரு பெரிய வேறுபாடாகவே இருந்திருக்கிறது. வெளிப்பாடு என்பது மனித அறிவுக்கு எட்டாத உண்மைகளைக் கடவுள் அறிவித்தல் என்பது பழைய பாடநூல்களில் மேலோங்கிய கருத்து. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் கடவுள் தம்மையும் தம் திருவுளத் தீர்மானங்களையும் வெளிப்படுத்தினார் என்று இரண்டையும் கூறியிருந்தும், கற்பித்தலிற் பின்னதே பெரும்பாலும் முன்னின்றது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாட்டுக் கொள்கை விளக்கம், கடவுள் நண்பரோடு உரையாடுவார் போலத் தம்மையே வழங்குவதை முதன்மையாக்கியது. சீர்திருத்தச் சபையினரிடையே பார்த் இதற்கு முன்னரே, 1932இல் வெளிவந்த தம் பெருநூலின் முதற்பகுதியில், வெளிப்படுத்துவோரும் வெளிப்பாடும் அதன் பயனும் கடவுளே என்று எழுதினார்.

அங்ஙனமாயின் தன்வினையே போதுமோ எனின், போதாது. ஞாயிறும் வெளிப்படுகிறது, மறைந்திருந்த பாறை நீர் வற்றியபோது வெளிப்படுகிறது. அங்கே விருப்பமோ அருளோ இல்லை. கிறித்தவம் கூறும் வெளிப்பாடு ஒருவர் விரும்பிச் செய்யும் செயல். ஆதலின், 'தம்மை வெளிப்படுத்துதல்' என, செய்வோரும் செயப்படுபொருளும் ஒருவரேயாக அமைந்த தொடரே அக்கொள்கையை நிறைவாகத் தாங்குகிறது. பிறவினையின் விருப்பமும் தன்வினையின் நேர்மையும் அதன்கண் ஒருங்கே அமைகின்றன.

2. வேதாகமம் என்னும் தொகை

இனி மறைநூலைக் குறிக்கும் பெயரை ஆராய்வோம். கிரேக்கத்தில் 'பிப்லியா' என்றால் நூல்கள் என்று பொருள். அப்பன்மைச் சொல்லை இடைக்கால இலத்தீன் ஒருமையாகக் கொண்டது. நூல்கள் ஒரு நூலாயின. அச்சொல்லின் தமிழ் வடிவமே விவிலியம்.

'வேதாகமம்' என்னும் பெயரிலும் இத்தகைய ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. சைவ வழக்கில் இச்சொல் வேதமும் ஆகமமும் என விரியும் உம்மைத்தொகை. அவ்விரண்டும் இறைவன் நூல்களே என்றும், ஒன்று பொது, ஒன்று சிறப்பு என்றும் திருமூலர் பிரித்துணர்த்துவர். கிறித்தவ வழக்கிலோ அச்சொல் ஒரே நூலைக் குறிக்கிறது; எனவே, வேதமாகிய ஆகமம் என இருபெயரொட்டாகவே அதனை விரித்தல் வேண்டும். எழுத்து மாறவில்லை; தொகை மாறிவிட்டது. சைவர் ஒருவரும் கிறித்தவர் ஒருவரும் 'வேதாகமம் கூறுகிறது' என்று உரையாடும்போது, இருவரும் ஒரு சொல்லைச் சொல்லி இரண்டு இலக்கணங்களிற் பேசுகின்றனர்.

'ஆகமம்' என்பதற்கும் இத்தகைய மாற்றம் நேர்ந்தது. சைவர்க்கு ஆகமம் என்பது சிவபெருமானிடமிருந்து வந்த நூல்வகை. பவர் திருப்புதலிலோ ஆதியாகமம், யாத்திராகமம், எண்ணாகமம், உபாகமம், நாளாகமம் என அது நூற்பெயரின் ஈறாகித் தேய்ந்து, ஏறத்தாழ 'நூல்' என்னும் அளவிலேயே நிற்கிறது. திருவிவிலியம் இவற்றுள் முதலதைத் தொடக்க நூல் என்றும், இரண்டாவதை விடுதலைப் பயணம் என்றும், இறுதியதைக் குறிப்பேடு என்றும் பெயரிட்டது. இம்மாற்றத்தைத் தனித்தமிழ் முயற்சி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஆகமம் என்னும் பெயர் நூலின் பிறப்பிடத்தைச் சுட்டியது. புதிய பெயர்கள் நூலின் உள்ளடக்கத்தைச் சுட்டுகின்றன. முன்னது மேலிருந்து வந்தது என்கிறது. பின்னது இதில் இன்ன வரலாறு இருக்கிறது என்கிறது.

'வேதம்' என்னும் சொல்லோ இன்னும் ஆழ வேரூன்றியது. இராபர்ட் தெ நோபிலி (1577-1656) முதலியோர் வழங்கிய காலத்தில் அது நூலை மட்டுமன்றிச் சமயத்தையும் குறித்தது. தென்தமிழ் நாட்டில் வழங்கும் வேதக்காரர், வேதக்கோயில் என்னும் பேச்சுவழக்குச் சொற்கள் அப்பொருளைப் பேணிவைத்துள்ளன. அச்சொல் கிறித்தவ நூலுக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், மதிப்போடு ஒரு கொள்கையும் உடன் வந்தது. மீமாஞ்சகர் கருத்துப்படி வேதம் யாராலும் செய்யப்படாதது. தோற்றமும் ஈறும் இல்லாதது. கிறித்தவ மறைநூலோ காலமும் இடமும் உடையது. அதில் அரசர் வரலாறு உண்டு, காதற் பாட்டு உண்டு, ஒப்பாரி உண்டு, திருமுகம் உண்டு. பவுல் தம் திருமுகமொன்றில் துரோவாவில் விட்டுவந்த மேலாடையைக் கொணருமாறு கேட்கும் பகுதியும் அதனுள் உண்டு. யாராலும் செய்யப்படாத நூலில் ஒருவர் தம் மேலாடையைத் தேடுதல் இயலாது.

இங்கே திருவிவிலியம் வழங்கும் ஒரு சொல் நம் கவனத்தை ஈர்க்கிறது. கத்தோலிக்கர் 73 நூல்களையும் சீர்திருத்தச் சபையினர் 66 நூல்களையும் ஏற்பர். கத்தோலிக்கர் கூடுதலாக ஏற்கும் பகுதியைத் திருவிவிலியம் 'இணைத் திருமுறை' என்று பெயரிட்டு வழங்குகிறது. திருமுறை என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது நம்பியாண்டார் நம்பியின் தொகுப்புப் பணி. பல காலத்துப் பல அடியார் பாடியவை ஒரு சமுதாயத்தால் ஏற்கப்பட்டு, வகைப்படுத்தப்பட்டுத் திருமுறையாயின. பாடியவர் பெயரும் ஊரும் அவற்றில் மறையவில்லை. தெய்வத்தன்மையும் அதனாற் குறையவில்லை. கிறித்தவ மறைநூலின் வரலாறு இதனோடு பெரிதும் ஒப்பது. வேதம் என்னும் சொல் மறைத்ததைத் திருமுறை என்னும் சொல் விளக்குகிறது. அச்சொல் முழுநூலுக்கும் பெயராகாது ஒரு பகுதிக்கே பெயராய் நின்றுவிட்டது குறையே என்று கருதுகிறோம்.

3. ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும்

மனிதர் எழுதிய நூல் என்றால் அதனைக் கடவுளின் நூல் என்பது எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவே இறைஏவுதல் என்னும் கொள்கையைத் தோற்றுவித்தது. மேனாட்டு இறையியலார் இதற்குப் பல உவமைகளைக் கண்டனர். எழுதுகோல் என்பர், யாழ் என்பர், சொல்வதை எழுதும் எழுத்தர் என்பர். இவ்வுவமைகளெல்லாம் மனித ஆசிரியரைக் கருவியாக்கி விடுகின்றன.

நம் இலக்கணத்தில் இதனைத் தெளிவுறுத்தும் ஒரு பகுப்பு உண்டு. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களாகக் கருவியையும் கருத்தாவையும் நன்னூலார் வேறு பிரித்துக் கூறினார். உரையாசிரியர் கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என மேலும் இரண்டாகப் பகுத்தனர். அரசனால் ஆகிய கோயில், தச்சனால் ஆகிய கோயில் என்பன எடுத்துக்காட்டுக்கள். கோயில் ஒன்றே, அரசன் செய்தது என்பதும் மெய், தச்சன் செய்தது என்பதும் மெய். பாதி அரசன், பாதி தச்சன் என்று எவரும் பங்கிடுவதில்லை. தச்சன் உளியைப் போன்ற கருவியும் அல்லன். அவனுடைய கைத்திறமும் மனப்பாங்கும் கோயிலிற் காணப்படும். அவன் பிழைத்தால் அப்பிழையும் காணப்படும்.

அக்குவினாசு மறைநூலுக்குக் கடவுளை முதன்மை ஆசிரியர் என்றும் மனிதரைக் கருவி நிலையிலுள்ள ஆசிரியர் என்றும் கூறினார். கருவி என்னும் சொல் அங்கே நுழைந்ததனாற் பின்வந்தோர் இடர்ப்பட்டனர். 1965இன் கொள்கை விளக்கம் மனித ஆசிரியர் மெய்யான ஆசிரியரே என்று தெளிவுறக் கூறிய பின்னரே அவ்விடர் ஒருவாறு நீங்கியது. தமிழ் இலக்கணம் கற்ற மாணவர்க்கு இவ்விடர் எழ வேண்டுவதில்லை. கருவி வேறு, இயற்றுதற் கருத்தா வேறு என்பதை அவர் முன்னரே அறிவார்.

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இறைவாக்கு ஒன்று சுட்டப்படும் இடத்தில், கிரேக்கம் ஆண்டவரைக் குறிக்க ஓர் இடைச்சொல்லையும் இறைவாக்கினரைக் குறிக்க மற்றோர் இடைச்சொல்லையும் வழங்குகிறது. பவர் திருப்புதல் ஆண்டவர்க்கு 'ஆல்' உருபையும் இறைவாக்கினர்க்கு 'மூலமாய்' என்னும் சொல்லையும் தந்து அவ்வேறுபாட்டைக் காத்தது. இருவர்க்கும் 'ஆல்' என்று கொடுத்திருந்தாலும் தமிழ் பிழைபட்டிராது. ஆயினும் ஏவினார் யார், உரைத்தார் யார் என்பது மயங்கியிருக்கும். வடசொல் மிகுதி பற்றிப் பழிக்கப்படும் அத்திருப்புதல், வேற்றுமைப் பொருளில் இத்துணை நுட்பம் காட்டுவது பாராட்டத்தக்கது.

4. பெயரும் பாலும் காலமும்

கடவுளின் இயல்பைப் பற்றிய கொள்கை அவரைக் குறிக்கும் பெயரிலிருந்து தொடங்குகிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான என்றிக்கு என்றீக்கசின் சிறுநூல் அதன் பெயரிலேயே 'தம்பிரான்' என்னும் சொல்லைத் தாங்கியது. நோபிலி 'சருவேசுரன்' என்றார். 1714-15இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கும் அதனையே மேற்கொண்டார். பப்ரீசியசு (1711-1791) 'பராபரன்' என்றார். பவர் திருப்புதல் 'தேவன்' என்றது. திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. நான்கு நூற்றாண்டுகளில் ஐந்து பெயர்கள். ஒவ்வொன்றும் முன்னதன் குறையைக் களைய வந்ததே.

இவற்றுட் 'கடவுள்' என்பதைக் கட, உள் எனப் பகுத்து, எல்லாவற்றையும் கடந்தும் எல்லாவற்றுள்ளும் உறைபவர் என்று பொருள்கூறி, அதுவே கிறித்தவக் கொள்கை என மகிழ்வார் பலர். பொருள் இனிமையானதே, ஆயினும் ஆராய்ச்சியாகாது. பழந்தமிழில் அச்சொல் ஒரு பரம்பொருளை மட்டும் குறித்ததன்று; பல தெய்வங்களையும், முனிவரையும், தெய்வத்தன்மையையும் குறித்தது. ஒரு சொல்லின் பகுதியைக் கொண்டு பரம்பொருளின் இயல்பை வரையறுத்தால், பகுதி வேறாகப் பிரிப்பார் வேறொரு கடவுளைக் காட்டுவர். அப்பெயர் எந்த வரலாற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது என்பதே அதற்குக் கிறித்தவப் பொருளைத் தருகிறது.

எண்ணும் பாலும் நோக்கத்தக்கன. விவிலியத்தின் முதற்றொடரில் எபிரேயம் 'எலோகிம்' என்னும் பன்மை ஈற்றுப் பெயருக்குப் 'பாரா' என்னும் ஒருமை வினையைத் தருகிறது. பவர் திருப்புதலோ 'தேவன்' என்னும் ஆண்பால் ஒருமைப் பெயருக்குச் 'சிருஷ்டித்தார்' என்னும் பலர்பால் வினையைத் தருகிறது. எபிரேயத்திற் பெயர் பன்மை, வினை ஒருமை. தமிழிற் பெயர் ஒருமை, வினை பன்மை. இரண்டும் வழுவாய்த் தோன்றி அமைதி பெறுவன. பழைய விளக்கவுரையாளர் சிலர் எலோகிம் என்னும் பன்மையிலேயே மூவொரு கடவுட் கொள்கைக்குச் சான்று கண்டனர். அது பொருந்தாது என்பதே இக்கால அறிஞர் பெரும்பாலோர் கருத்து. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் உயர்த்திக் கூறும் வழக்கு என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்ததைக் கற்றவர்க்கு அம்மயக்கம் எழாது. மூவொருமைக் கொள்கை 325இல் நிக்கேயாவிலும் 381இல் கான்சுதாந்தினோப்பிளிலும் நெடிய வாதத்திற்குப் பின்னர் வரையறுக்கப்பட்டது. அதனை விகுதி ஒன்றிற் கண்டெடுக்க முயல்வது அவ்வாதத்தைச் சிறுமைப்படுத்துவதாகும்.

காலம் பற்றிய சிக்கல் இதனினும் அரிது. விடுதலைப் பயண நூலின் மூன்றாம் அதிகாரத்தில், எரியும் முட்புதரினின்று பேசும் கடவுளிடம் மோசே பெயரைக் கேட்கிறார். விடையாக வருவது 'எகியே' என்னும் எபிரேய வினை. இதே வினை இரண்டு வசனங்களுக்கு முன்னர், மோசேயோடு உடனிருப்பதாகக் கடவுள் வாக்களிக்கும் இடத்திலும் வருகிறது. அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்காலத்தை அமைத்து 'இருப்பேன்' என்றனர். பெயர் கூறும் இடத்திலோ 'இரு' என்னும் பகுதியை நிகழ்காலத்தில் அமைத்தனர். இதனால் முன்னது வாக்குறுதியாகவும் பின்னது இருப்பினை உரைக்கும் மெய்ந்நூற் கூற்றாகவும் பிரிந்துவிட்டன. நிகழ்கால அமைப்புக்குப் பின்னே, கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு அப்பெயரை 'இருப்பவர்' என்று ஆக்கிய மரபு நிற்கிறது. என்றும் உள்ளவர், மாறாதவர் என்னும் கடவுளிலக்கணம் அம்மரபிற் செழித்தது.

எபிரேயத்தில் ஒரே சொல்லாய் நின்றதைத் தமிழ் இரண்டாக்குதல் இன்றியமையாததோ? அன்று என்று கருதுகிறோம். மூன்று காலத்தும் ஒத்த இயல்புடைய பொருளைச் 'செய்யும்' என்னும் சொல்லாற் கூறுக என்று தொல்காப்பியர் வினையியலிற் கூறினார். மலை நிற்கும், ஞாயிறு இயங்கும் என்று உரையாசிரியர் காட்டினர். அவ்வாய்பாடு தன்மையில் வாராது என்பது உண்மையே. ஆயினும் அப்பொருளாற்றலைத் தமிழின் எதிர்கால வினை இன்றும் தாங்கி நிற்கிறது. 'நாள்தோறும் இங்கே இருப்பேன்' என்பது வழக்கத்தையும், 'நாளை இங்கே இருப்பேன்' என்பது வாக்குறுதியையும் உணர்த்தக் காண்கிறோம். இரண்டு இடத்திலும் 'இருப்பேன்' என்றே அமைத்திருப்பின், கடவுளின் இயல்பும் அவர் தந்த வாக்குறுதியும் வேறல்ல என்பது வாசகர்க்கு அச்சொல்லாலேயே விளங்கியிருக்கும். இருப்பவர் என்பதால் உடனிருப்பவர். உடனிருத்தலாலேயே இருப்பவர் என்று அறியப்படுபவர்.

5. வார்த்தையின் திணை

இதுகாறும் கூறியவை அனைத்தும் ஒருங்கே வந்து கூடும் இடம் யோவான் நற்செய்தியின் தொடக்கம். அங்கே 'லோகோசு' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பவர் திருப்புதல் 'வார்த்தை' என்றும், திருவிவிலியம் 'வாக்கு' என்றும் கூறுகின்றன. எது சிறந்தது என்னும் வாதம் உண்டு. அதனினும் பெரிய வினா வேறொன்று: அச்சொல் எத்திணை?

கிரேக்கத்தில் லோகோசு இலக்கண வகையால் ஆண்பால். ஆகவே, அதனைச் சுட்டும் பெயரும் ஆண்பாலாகவே வரும். அது பொருளைச் சுட்டுகிறதோ ஆளைச் சுட்டுகிறதோ என்பது சொல்லளவில் விளங்காது. ஆசிரியர் அதனை வெளிப்படக் கூறாமலே நெடுந்தொலைவு செல்லலாம். தமிழில் அது இயலாது. நம் மொழியிற் பால் பொருள் பற்றியது; உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்பு முதலிலேயே வந்து நிற்கும். வார்த்தை இருந்தது என்பதா, வார்த்தை இருந்தார் என்பதா என்று முதல் வினையிலேயே மொழிபெயர்ப்பாளர் துணிந்தாக வேண்டும்.

ஏனைய மொழிகளிலும் இவ்விடர் தோன்றியதுண்டு. ஆங்கிலத்தில் திண்டேல் பதினாறாம் நூற்றாண்டில் இவ்விடத்து அஃறிணைச் சுட்டுப்பெயரை வைத்தார். 1611இன் திருப்புதல் உயர்திணைச் சுட்டினை வைத்தது. செருமன் மொழியில் அதற்குரிய சொல் அலிப்பாலாதலின் லூத்தரும் அவ்வழியே சென்றார்.

நம் இரு மொழிபெயர்ப்புக்களும் முதல் வசனத்தில் வார்த்தையை அஃறிணையாகவே தொடங்குகின்றன. இரண்டாம் வசனத்தில் உயர்திணைச் சுட்டு வந்துவிடுகிறது. பவர் திருப்புதல் முன்னறிவிப்பின்றி 'அவர்' என்கிறது. திருவிவிலியம் வாக்கையும் அவரையும் 'என்னும்' என்ற சொல்லால் இணைத்து அம்மாற்றத்தை மென்மையாக்குகிறது. பதினான்காம் வசனத்தில் வார்த்தை மனித உடல் கொள்ளும் இடத்தில், பவர் திருப்புதலின் தொடர் 'வார்த்தை' என்னும் அஃறிணை எழுவாயை 'வாசம்பண்ணினார்' என்னும் உயர்திணை வினையால் முடிக்கிறது. இடையே தொடரைத் தாங்கும் 'அவர்' என்னும் பெயர் இல்லை. இலக்கண ஆசிரியர் ஒருவர் இத்தொடரைத் திணைவழு என்று அடித்துவிடலாம்.

அடிப்பாராயின், அவர் அடித்தது கிறித்தவ இறையியலின் உயிர்நிலையை என்று சொல்வோம். நன்னூலார் உவப்பும் உயர்வும் சிறப்பும் முதலிய காரணம் பற்றித் திணையும் பாலும் மயங்குதலை அமைத்துக்கொண்டார். ஆனால், இவ்விடத்து வழுவமைதி அவற்றுள் எதனாலும் முற்ற விளங்குவதன்று. இங்கே சொல் மயங்கவில்லை. பொருளே திணை மாறுகிறது என்பதுதான் ஆசிரியர் கூற வந்த செய்தி. கடவுள் பேசிய சொல் ஒரு மனிதராயிற்று என்பதே கிறித்தவர் கூறும் சிறப்பு வெளிப்பாடு. அஃறிணையிற் பிறந்து உயர்திணையில் முடியும் அவ்வொரு தொடர், நீண்ட விளக்கவுரைகள் செய்வதைத் தன் விகுதியாற் செய்துவிடுகிறது. கிரேக்க மூலம் சொல்லளவிற் காட்டாத ஒன்றைத் தமிழ் காட்டுகிறது.

மறைநூல் பற்றிய கொள்கையும் இதனாலே தெளிவு பெறுகிறது. கடவுளின் வார்த்தை என்று கிறித்தவர் நூலையும் சொல்லுவர், இயேசுவையும் சொல்லுவர். நூலைச் சொல்லும்போது 'வார்த்தை சொல்லுகிறது' என்று அஃறிணை வினை வரும். இயேசுவைச் சொல்லும்போது 'வார்த்தை வந்தார்' என்று உயர்திணை வினை வரும். ஆளே வெளிப்பாடு, நூல் அவ்வெளிப்பாட்டிற்குச் சான்று. நூலுக்கு உயர்திணை வினை கொடுப்பார் ஒருவரும் இலர். இறையியலார் வருந்தி விளக்கும் இவ்வேறுபாட்டினைத் தமிழ் பேசுவோர் தம்மை அறியாமலே நாள்தோறும் காத்து வருகின்றனர்.

6. ஒரு தடையும் விடையும்

இங்ஙனம் கூறுவார்க்கு ஒரு தடை எழும். சேம்சு பார் என்னும் அறிஞர் 1961இல் விவிலிய மொழியின் பொருளியல் பற்றி எழுதிய நூலில், எபிரேய வினைகளின் காலத்தையும் சொற்களின் வேரையும் கொண்டு இறையியலை எழுப்புதல் தவறு என்று கடிந்தார். நாம் தமிழைக் கொண்டு அதே தவற்றைச் செய்கிறோம் அல்லமோ எனின், அல்லம். மொழியின் அமைப்பு அதனைப் பேசுவாரின் சிந்தனையை ஆக்கிவிடுகிறது என்று நாம் கூறவில்லை. திணையுடைய மொழியாதலின் தமிழர் கிறித்தவத்தை எளிதில் உணர்வர் என்றும் கூறவில்லை. கட, உள் என்னும் பகுப்பை மறுத்ததும் பார் காட்டிய நெறியைப் பின்பற்றியே. மொழி இரண்டு வடிவங்களை வைத்திருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்து ஒன்றை விடுகிறார். அத்தேர்வு ஒரு கருத்தைக் கொண்டு ஒன்றை விடுவதாகும் என்பதே நம் கூற்று. இலக்கணம் இறையியலைப் படைக்காது. எவ்விடத்து எக்கொள்கை புகுந்தது, எது நழுவியது என்பதைக் காட்டும்.

ஆதலின், தமிழ்த்துறை மாணவர் விவிலியத் திருப்புதல்களைச் சொற்பட்டியலுக்கு மட்டும் உரியனவாகக் கொள்ளாமல், தொடர்களாகப் பயிலுதல் வேண்டும். தன்வினை பிறவினை, தொகை விரி, கருவி கருத்தா, காலம், திணை ஆகிய நம் பழைய கருவிகளே அதற்குப் போதும். இறையியல் கற்போரும் தாம் ஐரோப்பிய மொழிகளிற் கற்ற பகுப்புக்களுக்குத் தமிழிற் பெயர் தேடுவதோடு நில்லாது, தமிழ்த்தொடர் முன்னரே செய்து வைத்திருக்கும் பகுப்புக்களைக் கண்டுகொள்ளுதல் நன்று. திணைவழு என்று நம் கைகள் திருத்த விரையும் இடத்தில் ஒருகணம் நின்று, அவ்வழு யாருக்காக நேர்ந்தது என்று கேட்பதே இவ்வாராய்ச்சியின் தொடக்கமாகும்.